மீசை அடைப்புக்குள் போன ஒரு வரி

போன மாதம் செக்‌ஷனுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "மேடம், இந்த லைப்ரரிய இறக்கின உடனே அது பாட்டுக்கு வேலை செய்யுது. நம்ம செக்‌ஷன்ல மட்டும் மொதல்ல அதோட அடைப்புக்குறிய மாத்தணும்னு ஒரு சட்டம். யாரு மேடம் போட்டது?" நான் போட்டதுதான். கோபத்தில் "சொன்னதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. காரணம் தெரியாத சட்டத்தை நாலு நாளில் தூக்கிப்போட்டுவிடுவீர்கள். உங்கள் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தோஷமான கதை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்த்து, மேனேஜருக்கு அடுத்த நிலையில் ஓய்வு பெற்றவள். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். நேற்று சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

டெம்ப்ளேட் என்பது எழுதி வைத்த ஒரு வாசகம், அவ்வளவுதான். நடுவில் சில இடங்கள் காலி. எது காலி என்று இயந்திரத்துக்குக் காட்ட அடைப்புக்குறி போடுகிறோம். நம் லைப்ரரியில், அதாவது இந்த வேலையைச் செய்ய நாம் இறக்கிக்கொள்கிற தயார் நிரலில், அது இரட்டை நெளிவு அடைப்பு. சாய்த்துப் பார்த்தால் முறுக்கு மீசை மாதிரி இருக்கும், அதனால் செக்‌ஷனில் அதற்கு மீசை என்றே பெயர். மீசையைக் கண்டால் இயந்திரம் அந்த இடத்தில் பெயரையோ தேதியையோ கொண்டுவந்து வைக்கும். ஒரு முழு வரியையே மீசைக்குள் வைத்து, "இன்ன நிலைமை இருந்தால் மட்டும் இந்த வரியைக் காட்டு" என்றும் சொல்லலாம். வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் இயந்திரம் சண்டை போடாது, புகார் சொல்லாது. துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு "மதிப்புக்குரிய" என்பதற்குப் பிறகு பெயரே இல்லாமல் கடிதம் போய்விட்டது. ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த தடவை அந்தக் காலியிடம் தொட்டிக்கு வந்தது.

தோல் பதனிடும் இடத்தில் கழிவுநீர்த் தொட்டி இருக்கும். அடியில் சேறு தங்கும், அதை அவ்வப்போது எடுக்க வேண்டும். சேற்றைக் கிளறினால் விஷவாயு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்சம் அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அப்போதுதான் ஆபத்து. முகமூடி, கயிறு, கையில் பிடித்து அளக்கிற மீட்டர் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பல இடத்தில் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும்.

எங்கள் கம்பெனி தொட்டிகளில் நிரந்தரமாக ஒரு வாயு மீட்டர் பொருத்தியிருந்தார்கள். சுத்தம் செய்வதற்கு முன்னால் சூப்பர்வைசர் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். எந்த யூனிட், எந்த ஷிப்ட், என்ன வேலை என்று இருக்கும். மீட்டர் அளவு அதிகமாக இருந்தால் கீழே ஒரு வரி சேர்ந்து வரும்: "வாயு உள்ளது. இறங்க வேண்டாம்." அந்த வரி மீசைக்குள் இருந்தது. மெசேஜ் நன்றாக வேலை செய்ததால் கையில் பிடிக்கிற மீட்டர்கள் அலமாரிக்குப் போய்விட்டன.

பிறகு எல்லா யூனிட்டுக்கும் ஒரே மாதிரி வாசகம் வேண்டும், தமிழிலும் இந்தியிலும் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. வாணியம்பாடியிலிருந்து தினமும் வந்துபோகும் ஆரிஃப் அதைச் செய்தான். எங்கள் செக்‌ஷனிலேயே கெட்டிக்காரன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். தலைமை அலுவலக சர்வர் முதலில் மொழியையும் யூனிட்டையும் பார்த்து அதற்கான வாசகத்தை எடுத்து அனுப்பும். யூனிட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் அதில் மீட்டர் அளவைப் பார்த்து எச்சரிக்கையைச் சேர்த்து போனுக்கு அனுப்பும். இரண்டும் ஒரே லைப்ரரி. இரண்டும் மீசையைத்தான் தேடும். மீட்டர் அளவு தெரியாத சர்வர், எச்சரிக்கை வரியின் மீசையைப் பார்த்தால் துடைத்துவிடும் அல்லவா? ஆரிஃப் அதை யோசித்திருந்தான். சர்வரில் ஒரே ஒரு வரி எழுதி, "உன் குறி மீசை இல்லை, சதுர அடைப்பு" என்று மாற்றி வைத்தான். மீசை அப்படியே யூனிட்டுக்குப் போய்ச் சேரும். சரியான வேலை.

தோல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லாட் நம்பரையும் யூனிட் பெயரையும் தோலின் மேல் கட்டம் கட்டித்தான் எழுதுவார்கள். பாதுகாப்புப் பிரிவில் வாசகம் டைப் செய்தவரும் தோல் பார்த்து வளர்ந்தவர். கட்டம் போட முடியாததால் யூனிட் பெயருக்கு இரண்டு பக்கமும் சதுர அடைப்பு போட்டுவிட்டார். சர்வர் அதைத் தன் குறி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அன்று பார்த்து எம்.டி. யூனிட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். மெசேஜில் யூனிட் பெயர் இல்லை என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் போனில் கத்தினார்: "இன்னா பண்ணுவியோ தெரியாது ஆரிஃப், அஞ்சு நிமிஷத்துல பேர் வரணும்." நான் அன்று மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்தேன். ஆரிஃப் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டான், சர்வர் பழையபடி மீசைக்குத் திரும்பியது. பெயர் வந்துவிட்டது. எல்லோரும் சபாஷ் போட்டார்கள். சாயங்காலம் வேறு குறி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். சாயங்காலம் வேறு வேலை வந்துவிட்டது.

இதை நிதானமாகப் படியுங்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒரு காலியிடத்தை அடைத்தார்கள். அதே கையால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காலியிடத்தைத் திறந்துவிட்டார்கள். அடுத்த சில வாரங்கள் எந்தத் தொட்டியிலும் வாயு ஏறவில்லை, எச்சரிக்கை வர வேண்டிய அவசியமே இல்லை. வராதது இயல்பாகத் தெரிந்தது.

பேரணாம்பட்டு யூனிட்டில் கழிவுநீர்ப் பிரிவுக்கு ஏழுமலை சூப்பர்வைசர். அவரிடம் வேலை பார்த்தவர் தனசேகர். இரண்டு பேரும் ஒரே தெரு. ஒருநாள் காலை ஏழுமலை மெசேஜைப் பார்த்தார். இறங்க வேண்டாம் என்று வரி இல்லை. எங்கள் ஊரில் தோல் தரம் பிரிக்கிற மேஜையில் கெட்ட தோலுக்கு மட்டும்தான் சாக்பீஸ் குறி போடுவார்கள், குறி இல்லாத தோல் நல்ல தோல். ஏழுமலை அந்த மேஜையில் பல வருடம் நின்றவர். அந்தக் கண்ணோடுதான் போனையும் பார்த்தார். தனசேகர் இறங்கினார். ஏணியின் கடைசிப் படியில் சரிந்தார். அவரைத் தூக்க ஏழுமலை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, அவரும் மயங்கி, மற்றவர்கள் இழுத்துப்போட்டார்கள். தனசேகர் போய்விட்டார். ஏழுமலையை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய போன் சேற்றுக்குள் போய்விட்டது.

செய்தி எங்கள் செக்‌ஷனுக்கு வந்தபோது யாரும் கம்ப்யூட்டரைப் பற்றி நினைக்கவில்லை. ஆரிஃப் மட்டும் எதையோ திறந்து பார்த்தான். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்ட குரலை இன்னும் எனக்கு நினைக்கப் பிடிக்கவில்லை.

"அக்கா, இங்க வாங்க. மீசை ரெண்டு இடத்துலயும் ஒண்ணா இருக்கு. நான் அந்த வரிய எடுத்துட்டேன்ல."

"அப்ப இறங்க வேண்டாம்னு வர்ற வரி?"

"இங்கயே துடைச்சிட்டு இருக்குக்கா. யூனிட்டுக்குப் போகவே இல்ல. இவ்ளோ நாளா போகல."

மேனேஜர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சரி சரி, மரம் மாதிரி நிக்காத. அந்த வரிய திரும்ப போடு. வேற குறி வை. இப்பவே."

எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. வேறு யூனிட்டுகளிலும் அன்றைக்குத் தொட்டி வேலை இருந்தது. ஆரிஃப் கையைக் கீபோர்டில் வைத்தான். அதே நேரம் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம். "மெசேஜ் கரெக்டா போயிருக்கும், ஏழுமலைதான் பாக்காம ஆள இறக்கிட்டான்னு போலீஸ்ல சொல்லிட்டேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. நீங்க சிஸ்டத்துல ஒரு தடவ ஓட்டிக் காட்டிடுங்க, போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அனுப்பிய மெசேஜின் வாசகம் எங்களிடம் எங்கும் சேமிக்கப்படவில்லை, அனுப்பியது என்ற விவரம் மட்டும்தான் இருந்தது. போன் சேற்றில். ஏழுமலை வாயில் ஆக்சிஜன். அவர் படித்த மெசேஜ் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, எங்கள் சர்வரில் கெட்டுப்போய்க் கிடந்த அந்தக் கோப்புதான். அதன் மேல் இருந்த தேதி, பல வாரமாக யாரும் தொடவில்லை என்று சொன்னது. ஆரிஃப் சரிசெய்தால் அது இன்றைய தேதி ஆகிவிடும். ஓட்டிப் பார்த்தால் "இறங்க வேண்டாம்" என்று அழகாக வரும். ஏழுமலை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராக ஜெயிலுக்குப் போவார். யாரும் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆரிஃப், கைய எடு," என்றேன்.

"இன்னா மேடம் பண்றீங்க?" என்றார் மேனேஜர். "இன்னும் நாலு பேர் சாவணுமா?"

"யாரும் சாவ வேணாம். மெசேஜ் போறத மொத்தமா நிறுத்துங்க. போன எடுங்க. ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாயால சொல்லுங்க, இன்னிக்கு எவனும் தொட்டில கால் வைக்கக் கூடாதுன்னு."

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதை மறந்துவிடாதீர்கள். கெட்ட மனிதர் கெட்ட யோசனை சொன்னால் மறுப்பது சுலபம். உயிரைக் காப்பாற்றுகிற யோசனையும் உண்மையை அழிக்கிற யோசனையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் திணறுவோம். அப்போது செய்ய வேண்டியது அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது. உயிருக்குப் போன் போதும். கோப்பைத் தொட வேண்டியதில்லை.

பள்ளிகொண்டா யூனிட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தோம். கடைசியில் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்காரரின் நம்பர் எங்கள் டிரைவரிடம் இருந்தது. அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னார்: "எறங்கி முட்ச்சிட்டு ஏறிட்டாங்கம்மா. கை கால் கழுவிக்கினு நிக்கறாங்க." அங்கே அன்று வாயு இல்லை. அதைத் தவிர அவர்கள் பிழைத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

"அதான் எல்லாருக்கும் சொல்லியாச்சே," என்று மேனேஜர் மறுபடியும் ஆரம்பித்தார். "ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு மாத்திடலாம்."

"நாம எடுத்த காப்பிய யாரு சார் நம்புவாங்க? ஏழுமலைய காப்பாத்த நாமளே எழுதி வெச்சதுன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்?"

"இது ஆர்டர் மேடம்."

ஆரிஃபுக்கு முன்னால் இருந்த கீபோர்டைப் பிடுங்கி, நாற்காலியில் உட்கார்ந்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பேரக்குழந்தை பிறந்துவிட்ட பொம்பளை, புடவைத் தலைப்பை இழுத்து அதன் மேல் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வர வேண்டும், வருவதில்லை. ஆரிஃபைப் பார்த்து, "இத அப்படியே காட்டுனா உன் பேரும் வரும் தம்பி," என்றேன். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"தெரியும்க்கா," என்றான். "ஏழுமலை அண்ணன் எழுந்து வந்து கேட்டா இன்னான்னு சொல்றது?"

இன்ஸ்பெக்டர் மதியம் வந்தார். மீட்டர் அளவு மிக அதிகம் என்று வைத்து ஓட்டச் சொன்னார். கீபோர்டைக் கொடுத்தேன். ஆரிஃப்தான் ஓட்டினான். மெசேஜ் வந்தது: "[பேரணாம்பட்டு]. காலை ஷிப்ட். தொட்டி சுத்தம்." அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதேதான் வந்தது.

"இதுல ஒரு வரி இருந்திருக்கணும் சார். அத அழியாம காப்பாத்திட்டிருந்த குறிய நான் எடுத்துட்டேன்," என்றான் ஆரிஃப்.

"யார் எடுக்கச் சொன்னது?"

அவன் மேனேஜர் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார்" என்றே மறுபடியும் சொன்னான். மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். யார் சொல்லி, யார் எந்த அவசரத்தில் செய்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மேனேஜர் என்னோடு பேசியதில்லை. எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஏழுமலை மேல் வழக்கு வரவில்லை. ஆரிஃபை வேலையை விட்டு அனுப்பினார்கள். மேனேஜரைச் சென்னை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், பெரிய பதவி. ஆரிஃப் இப்போது மாமனார் கடையில் உட்கார்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவன் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அவன் எழுதிய அந்த ஒரு வரி சரியானது. அதை எடுக்கச் சொன்ன அவசரம்தான் தப்பு.

சட்டம் அதற்குப் பிறகு போட்டதுதான். இரண்டு இயந்திரம் ஒரே வாசகத்தைத் தொட்டால் இரண்டுக்கும் வேறு வேறு குறி இருக்க வேண்டும். எந்தக் குறி என்று உட்கார்ந்த இடத்தில் முடிவு செய்யாதீர்கள். ஷாப் ஃப்ளோருக்குப் போய், அங்கே எழுதுகிறவர்கள் எந்தெந்தக் குறியைப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அவர்கள் கையில் வரவே வராத ஒன்றை எடுங்கள். வைக்க வேண்டியது இல்லையென்றால் லைப்ரரி கத்த வேண்டும், நிற்க வேண்டும், துடைக்கக் கூடாது. வாயு இல்லையென்றாலும் "அளவு பார்த்தாயிற்று, வாயு இல்லை" என்று வர வேண்டும். ஒன்றும் வராதது எந்தக் காலத்திலும் நல்ல செய்தியாக இருக்கக் கூடாது. செய்துவிடுவீர்கள், கெட்டிக்காரர்கள்தான்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முடித்தால் நான் ஏதோ சாதித்தவள் மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஏழுமலை என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். "மேடம், நீங்க ஒரு தடவ தனசேகர் வூட்டுக்கு வந்து சொல்லுங்க. நான் மெசேஜ பாக்காமதான் இறக்கிட்டேன்னு தெருவுல பேசிக்கறாங்க. அவன் சம்சாரம் என்னப் பாத்தா கதவ சாத்திக்குது. நான் பாத்தேன் மேடம். நல்லா பாத்தேன்." அவர் இன்னும் அந்தத் தெருவில்தான் வாழ வேண்டும். நான் கட்டாயம் வருகிறேன் என்றேன்.

தனசேகரின் மனைவி கலா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கிறவள். என்னைப் பார்த்ததால் கதவைத் திறந்தாள். உள்ளே உட்காரவைத்தாள். ஏழுமலை என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். நான் மீசை, சதுர அடைப்பு என்றெல்லாம் பேசாமல், வர வேண்டிய ஒரு வரி எங்கள் ஆபீஸ் தப்பால் வரவில்லை, இவர் மெசேஜைப் பார்த்தார், அதில் வேண்டாம் என்று இல்லை, இன்ஸ்பெக்டரும் அதை எழுதிவிட்டார் என்று சொன்னேன். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஏழுமலையைப் பார்த்தாள்.

"இறங்கறதுக்கு முன்னாடி உங்கள எதுனா கேட்டாராண்ணா?"

"கேட்டான்மா."

"இன்னா கேட்டாரு?"

"'போலாமாண்ணா'ன்னு கேட்டான்."

"நீங்க போன பாத்தீங்க."

"பாத்தேன்மா. அதுல ஒண்ணும் இல்ல. அதனாலதான் போலாம்னு தலையாட்டுனேன்."

"சரிண்ணா, உங்க மேல தப்பு இல்ல," என்றாள் கலா. பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள். "ஆனா அவரு போனையா பாத்தாரு? உங்க மூஞ்சியதானே பாத்துட்டு இறங்குனாரு?"

ஏழுமலை மேல் வழக்கு இல்லை, அவர் இனிமேல் நிமிர்ந்து நடக்கலாம் என்று சொல்லி முடிக்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.